நிறம் எழுதும் கட்டம்

வீட்டிலிருந்து,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இங்கு நான் நலம். நீயும் உன் அக்காவும் அங்கு நலமாக இருக்க வேண்டும். போனில் நான் 'ம்' கொட்டுவதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, சொல்வதற்கு ஏதாவது இருந்தால் எழுதிப் போடுங்கள் என்று போன வாரம் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். கல்யாணம் நிச்சயமானபோது உனக்கு ஒரு கடிதம் போட்டேன். மூன்று வரியில் விஷயத்தை முடித்துவிட்டு, மீதித் தாளில் பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு வழி வரைந்து அனுப்பினேன். அதற்குப் பிறகு இதுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகியது. வாஷரை நானே மாற்றினேன். இப்போது முன்பைவிட நன்றாக ஒழுகுகிறது. மாடியில் இருக்கும் தையல்கார அம்மா நேற்று படியில் நிறுத்தி, "கீழ ஆள் இருக்கா இல்லையான்னே தெரியல, டிவியாவது போட்டு விடுங்க" என்றார். போட்டுவிட்டேன். யாரோ யாருக்கோ செய்தி வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சமையல் நானேதான். தக்காளியில்தான் மாட்டிக்கொள்கிறேன். கூடையில் கிடப்பதில் எது பழம், எது காய் என்று தெரியாமல் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தால் கடைக்கார அம்மாவுக்குக் கோபம் வருகிறது. "சார், காயா பழமான்னு வாயத் திறந்து கேளுங்க, அத ஏன் கொல்றீங்க" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். என் சட்டைக் காலருக்குள் நீ போட்டு வைத்த தையல் அடையாளமும் இரண்டு சட்டையில் பிரிந்துவிட்டது. எது பச்சை, எது பழுப்பு என்று யாரிடம் போய்க் கேட்பது? இரண்டையும் மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

இனி ஏரிச் செய்தி. உனக்குத் தெரியாத கதை இல்லை. ஆனாலும் முதலிலிருந்து எழுதுகிறேன். எழுதினால் எனக்கே கொஞ்சம் தெளியும் போலிருக்கிறது.

இந்த வேலையில் சேரும்போது கண் சோதனையில் வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைக் காட்டினார்கள். எனக்கு முன்னால் வரிசையில் நின்றவனிடம் எண்களைக் கேட்டு மனப்பாடம் செய்து, ஒப்பித்துத் தேறியவன் நான். சிவப்பு, பச்சை, ஆரஞ்சு, பழுப்பு எல்லாம் எனக்கு ஒரே சேறு. நீலம் ஒன்றுதான் என்னை ஏமாற்றாது. ஏரியில் நீர்மட்டம் குறிப்பதற்கு அது போதுமாக இருந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன் மாதாமாதம் தட்டான் கணக்கெடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்ததே, அன்றுதான் வினை. தட்டான் பறப்பது கடைசிக் கொஞ்ச நாள்தான், அதற்கு முன் மாதக்கணக்கில் தண்ணீருக்குள் புழுவாகக் கிடக்கிறது, ஆகவே தண்ணீர் கெட்டால் முதலில் அதுதான் காட்டிக்கொடுக்கும் என்று விளக்கினார்கள். யாரும் முன்வரவில்லை. நான் ஆசைப்பட்டுக் கை தூக்கிவிட்டேன். படிவத்தைக் கையில் கொடுத்த பிறகு பார்த்தால் ஆண் பெண், எண்ணிக்கை இவற்றுக்குப் பக்கத்தில் 'நிறம்' என்று ஒரு கட்டம்.

அன்று நான் பேயறைந்தவன் போல வந்து உட்கார்ந்தேன். நீதான், "சாப்பாடு எடுத்துட்டு வர்ற மாதிரி வர்றேன், கலர நான் சொல்றேன், மத்தத நீங்க பாருங்க" என்றாய். பதினெட்டு வருடமும் அப்படித்தான் நடந்தது. உட்காரும்போது இறக்கையை விரித்து வைத்தால் தட்டான், முதுகுக்கு மேல் சேர்த்து மூடினால் ஊசித்தட்டான். கண்கள் நடு மண்டையில் ஒட்டியிருக்கின்றனவா, தள்ளித் தள்ளி இருக்கின்றனவா. இறக்கை நுனிப் பொட்டு நீளமா, சதுரமா. பறந்து போய் உட்கார்ந்த கம்பத்துக்கே திரும்பி வருகிறதா, போனது போனதுதானா. இதையெல்லாம் நான் சொல்வேன். நீ நிறத்தைச் சொல்வாய். சட்டைப் பை நோட்டில் என் கோழிக் கிறுக்கலும் உன் உருண்டை எழுத்தும் ஒரே வரியில் இருக்கும். வீட்டுக்கு வந்து நான் படிவத்தில் நகல் எடுத்து, என் கையெழுத்தைப் போட்டு அனுப்புவேன். பம்ப் ஹவுஸ் ஆட்கள் எனக்குத் தும்பி சார் என்று பெயர் வைத்தார்கள். உனக்கு ஒன்றும் வைக்கவில்லை.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நிறக் கட்டத்தைப் புத்தகத்தைப் பார்த்து நிரப்பிக்கொண்டிருக்கிறேன். இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

நீ போன மாதமே புதிதாக ஓர் உதவிப் பொறியாளர் மேடம் வந்து சேர்ந்தார். சின்ன வயது. முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு, கேமராவோடு எனக்கு முன்னால் தண்ணீரில் இறங்கிவிடுகிறார். கீழ்க்கரைக் கோரைத் திட்டை மண் கொட்டி மூடி பம்ப் ஹவுஸைப் பெரிதாக்கும் திட்டம் கையெழுத்தாகிவிட்டது. அடுத்த மாதம் முதல் தேதி லாரி வரும். நம் படிவங்களில் அந்தத் திட்டில் விசேஷமாக எதுவும் இல்லை என்று இருப்பதால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

கோரைத் திட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். குழாயும் தக்காளியும் வந்து நிறைந்துவிட்டன. தாள் முடிந்துவிட்டது. உன் அக்காவின் இடுப்பு எலும்பு நன்றாகக் கூடிவிட வேண்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

•

வீட்டிலிருந்து,
வியாழக்கிழமை

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் பதில் வந்தது. நான்கு பக்கக் கடிதத்துக்கு ஒரே வரி. "தக்காளியை அமுக்காமல் மோந்து பாருங்கள், காய்க்கு வாசம் இருக்காது." அப்படியே செய்தேன். நீ சொன்னது சரி. கடைக்கார அம்மா இப்போது என்னை முன்பைவிடச் சந்தேகமாகப் பார்க்கிறார்.

செவ்வாய்க்கிழமை உனக்குப் போன் செய்தேன். உன் அக்கா எடுத்தார். "அவ மொட்ட மாடில துணி காயப்போடறா தம்பி, நான் இப்பதான் மார்க்கெட்டுக்கு நடந்து போயிட்டு வந்தேன்" என்றார். பிறகு அவருக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் வலி இருக்கத்தான் செய்யுது" என்று சேர்த்துக்கொண்டார். மார்க்கெட் உங்கள் வீட்டிலிருந்து நல்ல தூரம் என்று எனக்குத் தெரியும். இரண்டு மாதம் என்று சொல்லிப் போனவள் அங்கேயே இருப்பது இடுப்பு எலும்புக்காக இல்லை என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. அதை ஒருவர் வாயால் கேட்டபோது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. உன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் பொறியாளர் மேடம் கூப்பிட்டார். மேஜைமேல் என் படிவம் ஒரு பக்கம், அவர் எடுத்த படம் ஒரு பக்கம். "சார், இது அதே நாள், அதே கம்பம், ஓரத்துல உங்க தோள் கூடத் தெரியுது. ஆண், சிவப்புன்னு எழுதியிருக்கீங்க. இது வெளிர் பழுப்பால்ல இருக்கு?" என்றார். ஆண்தான், அதில் தவறில்லை. வயிற்றின் அடியில் முன்பக்கம் இருக்கும் புடைப்பை நான் கண்ணால் பார்த்தேன். புத்தகத்தில் அந்த இனத்து ஆண் நல்ல சிவப்பு என்று இருக்கிறது, எழுதிவிட்டேன். ஆனால் புதிதாக இறக்கை முளைத்த ஆண், முதல் சில நாளைக்குப் பெண்ணின் நிறத்திலேயே திரியும். பள்ளிப் பிள்ளைகள் ஏரிக்கு வரும்போதெல்லாம் நான் பெருமையாகச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். நானே அதில் விழுந்தேன்.

நகல் எடுக்கும்போது கை தவறிவிட்டது என்றேன். "ஏழு மாசமாவா சார்?" என்றார். அவர் அப்படிப் பதினொன்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார். கண்ணாடி மாற்ற வேண்டும், தலைவலி என்று எதையோ உளறினேன். அவர் படத்தைக் கோப்புக்குள் வைத்துவிட்டு, "சரிங்க சார்" என்றார். அந்த 'சார்' எனக்குப் பிடிக்கவில்லை.

ஏரிக்குப் போய் நம் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்துக் கோரையில் ஒரு புழு தண்ணீரிலிருந்து ஏறி வந்து பிடித்துக்கொண்டிருந்தது. முதுகு பிளந்து, முதலில் நெஞ்சு, பிறகு தலை, கொஞ்சம் ஓய்வு, பிறகு வால். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அதன்மேலேயே தொங்கிக்கொண்டு இறக்கையை உலர்த்தியது. அப்போது அதற்கு நிறமே இல்லை, உனக்கு நினைவிருக்கும். அந்த ஒரு மணி நேரம் அது உனக்கும் எனக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். "இப்ப ரெண்டு பேரும் சமம்" என்று நீ சொல்வாய். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், பசிக்கவில்லை.

அன்று நடந்ததை எழுதிவிடுகிறேன். நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. தலைமையிடத்திலிருந்து நிபுணர் வந்த நாள். கோரைத் திட்டு ஓரத்தில் நின்று, இங்கே என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். வழக்கமான ஊசித்தட்டான்தான் சார், நுனி வாலில் நீலப் பொட்டு உள்ள ஆண்கள், மற்றதெல்லாம் பெண்கள் என்றேன். நீ டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே, "இல்லைங்க, ஆரஞ்சுக் கலர்ல இன்னொண்ணு இருக்கு, மூணு வாரமா பாக்கறேன், அது பச்சையா மாறவே இல்ல, சோடி சேந்ததுலயும் ரெண்டுமே ஆரஞ்சு" என்றாய். அவர் உன்னைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இவங்களும் கணக்கெடுப்புல இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார். சாப்பாடு எடுத்துட்டு வந்தாங்க. ஏதோ ஆர்வத்துல சொல்றாங்க. பொண்ணு சின்னதா இருக்கறப்ப ஆரஞ்சாதான் இருக்கும், அப்புறம்தான் பச்சையாகும், அது தெரியாது இவங்களுக்கு" என்றேன்.

என் குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. அது உண்மை. ஆனால் சாப்பாடு எடுத்து வருகிறேன் என்ற சாக்கு எனக்காக நீ கண்டுபிடித்தது. அதையே எடுத்து உன்மேல் வீசினேன். நீ டப்பாவைப் பெஞ்சில் வைத்துவிட்டு நடந்து போய்விட்டாய். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வாரம் கழித்து உன் அக்கா விழுந்த செய்தி வந்தபோது நீ பெட்டி அடுக்கிய வேகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இதுவரை எழுதியதே எனக்குப் பெரிய காரியம். இன்றைக்கு இது போதும்.

உன்,
வீட்டுக்காரன்

•

வீட்டிலிருந்து,
மறுவாரம் திங்கள்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. நான் எதிர்பார்த்தேன் என்று சொன்னால் பொய். தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நின்றேன் என்பது மட்டும் உண்மை.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு கோரைத் திட்டுக்குத் தனியாகப் போனேன். நீ போன பிறகு அந்தப் பக்கம் நான் சரியாகப் போகவில்லை. தூரத்தில் நின்று எண்ணிவிட்டு வந்துவிடுவேன். வெள்ளிக்கிழமை முழங்கால் தண்ணீரில் இறங்கி, லென்ஸோடு இரண்டு மணி நேரம் குனிந்து நின்றேன். இடுப்பு இன்னும் நிமிரவில்லை.

பத்தரை மணி வாக்கில் ஒரு சோடி வந்து கோரைத் தாளில் உட்கார்ந்தது. ஆண் தன் வால் நுனி இடுக்கியால் பெண்ணின் கழுத்தைப் பிடித்திருக்க, பெண் உடம்பை வளைத்து அவன் வயிற்றைத் தொட்டிருந்தது. நீ அதை வளையம் என்பாய். நான் அந்த ஆணைப் பார்த்தேன். முன்னால் இருந்து பிடித்திருப்பது ஆண்தான், அதில் எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. அவனுடைய வால் நுனியில் நீலம் இல்லை.

நீலம் எனக்குத் தெரியும். எல்லாரையும்போல எனக்கும் தெரியும் ஒரே நிறம் அதுதான். அது இல்லை என்று சொல்வதற்கு எனக்கு யார் கண்ணும் தேவையில்லை. அடுத்த சோடியைத் தேடினேன், அதிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. நீலம் இல்லாததையெல்லாம் பெண் என்று எட்ட நின்றே எண்ணித் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருவனைப் பிடித்து லென்ஸில் வால் நுனி இடுக்கியைப் பார்த்தேன். வழக்கமானவனுக்குக் குட்டையாக, கீழ்நோக்கி வளைந்திருக்கும். இவனுக்கு நீளமாக, நுனி இரண்டாகப் பிளந்திருந்தது. அந்தந்த இனத்து ஆணின் இடுக்கி அந்தந்த இனத்துப் பெண்ணின் கழுத்துக்குத்தான் பொருந்தும், பூட்டும் சாவியும் மாதிரி. நிறத்தைச் சந்தேகப்படலாம், இடுக்கியைச் சந்தேகப்பட முடியாது. இது வேறு இனம். நீ சொன்னதுதான் சரி.

அவனைப் பறக்கவிட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்தேன். இத்தனை நாளும் எனக்கு நிறம் தெரியாது, பயந்துவிட்டேன், அதனால் அப்படிப் பேசிவிட்டேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். அந்தச் சமாதானமும் போய்விட்டது. நிறமே தெரியாமல் இதைக் கண்டுபிடித்திருக்கலாம். நீ சொன்ன முதல் வாரமே குனிந்து பார்த்திருந்தால் போதும். நான் குனியவில்லை. நீ சொன்னது என்பதால் குனியவில்லை. தட்டானைப் பற்றித் தெரிந்தவன் நான், நீ நிறம் சொல்பவள் என்று என் மனதில் எப்போதோ எழுதி வைத்துவிட்டேன். இதில் என் கண்ணைக் குறை சொல்லி என்ன பயன்?

வீட்டுக்கு வந்து போன வருட நோட்டைத் தேடி எடுத்தேன். மூன்று வாரமும் உன் எழுத்தில் இருக்கிறது: "ஆரஞ்சு." "ஆரஞ்சு, இன்னும் மாறவில்லை." "சோடி, இரண்டும் ஆரஞ்சு. கவனிக்கவும்." 'கவனிக்கவும்' என்பதன் கீழ் கோடு வேறு போட்டிருக்கிறாய். அந்த மாதப் படிவத்தில் என் கையெழுத்துக்கு மேலே, "வழக்கமான ஊசித்தட்டான், இளம் பெண்கள்" என்று இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். சனிக்கிழமை உட்கார்ந்து ஒரு திருத்த அறிக்கை தயார் செய்தேன். இடுக்கியின் படம் வரைந்து, அளவு குறித்து, கோரைத் திட்டில் புது இனம், மண் கொட்டுவதை நிறுத்த வேண்டும் என்று அழகாக எழுதினேன். கண்டறிந்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அதில் நிறத்தைப் பற்றி ஒரு வரி கூட வேண்டியிருக்கவில்லை. திட்டும் பிழைத்துவிடும், நானும் பிழைத்துவிடுவேன், தும்பி சாருக்கு மாலை கூடப் போடுவார்கள். இரண்டு நாள் அது மேஜை இழுப்பறையில் இருந்தது. இன்று காலை எடுத்துப் படித்துப் பார்த்தேன். அன்று நிபுணரிடம் பேசிய அதே ஆள்தான் இதையும் எழுதியிருக்கிறான் என்று தெரிந்தது. கிழித்துவிட்டேன்.

நாளை மேடத்திடம் போகிறேன். என்ன ஆகும் என்று தெரியவில்லை. பொய் சொல்லி வேலையில் சேர்ந்தவன் என்று வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள். உன்னிடம் முதலில் சொல்லிவிட்டுப் போகலாம் என்று எழுதினேன். பயமாகத்தான் இருக்கிறது.

உன்,
வீட்டுக்காரன்

•

வீட்டிலிருந்து,
முதல் தேதி

அன்புள்ளவளுக்கு,

இன்று லாரி வரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ அதற்குத்தான் காத்திருப்பாய்.

போன செவ்வாய்க்கிழமை மேடத்தின் அறைக்கு நோட்டுகளோடு போனேன். பதினெட்டு வருட நோட்டு, இரண்டு பைகள். கதவு வரை போய்த் திரும்பிக் கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு மறுபடி போனேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது, தெரியாமலேதான் வேலைக்கு வந்தேன் என்று நின்றபடியே சொன்னேன். அவர் உட்காரச் சொன்னார். மேஜையில் இருந்த இரண்டு கோப்புகளைக் காட்டி இது என்ன நிறம், அது என்ன நிறம் என்று கேட்பார் என்று நினைத்தேன். எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். அவர் கேட்கவில்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டே போய், "அப்ப இந்த உருண்டை எழுத்து யாரோடது?" என்றார்.

என் மனைவி என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டு டப்பாவையும் சொன்னேன். போன வருடத்து மூன்று பக்கங்களையும் காட்டினேன். 'கவனிக்கவும்' என்ற இடத்தில் அவர் விரலை வைத்து, கீழே நீ போட்ட கோட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, "உங்கமேல எனக்குக் கோவம் இருக்கு சார், ஆனா அத அப்புறம் வச்சுக்கறேன், முதல்ல எனக்கு அந்த எடத்தக் காட்டுங்க" என்று பூட்ஸை மாட்டினார்.

தண்ணீரில் நின்று அவருக்குக் காட்டினேன். ஆரஞ்சு என்று அவர் சொன்னார். தலைமையிடத்துக்கு அன்றே எழுதினார். சனிக்கிழமை அதே நிபுணர் வந்து, லென்ஸில் இடுக்கியைப் பார்த்து, இந்த ஏரியில் இதுவரை பதிவாகாத இனம் என்று ஒப்புக்கொண்டார். ஒரு முழுப் பருவம் கணக்கெடுத்து முடிக்கும்வரை திட்டில் கை வைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவரிடம் நானாகப் போய்ப் பேசினேன். "சார், போன தடவை இதச் சொன்னவங்க என் மனைவி. சாப்பாடு எடுத்துட்டு வந்தாங்கன்னு நான் சொன்னது பொய். பதினெட்டு வருஷமா நிறம் பாத்தது அவங்கதான்" என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "அப்படி யாராச்சும் வந்தாங்களா? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார். நம் வீட்டை ஏழு மாதமாக ஓர் ஆள் மட்டும் சமைத்துச் சாப்பிடும் வீடாக ஆக்கிய நாள் அவருக்கு ஒரு சாதாரண ஆய்வு நாள். அவருக்குப் பயந்துதான் அப்படிப் பேசினேன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் விஷயம் இதுதான். வேலையிலிருந்து எடுக்கவில்லை. கணக்கெடுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழையபடி நீர்மட்டம் குறிக்கும் அறைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அளவுகோலில் எண்கள் கறுப்பு வெள்ளை, அங்கே நான் யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. போவதற்கு முன் ஒரே ஒரு வேலை கொடுத்தார்கள். பழைய படிவங்கள் எல்லாவற்றிலும் திருத்தம் எழுத வேண்டும். நீ போன பிறகு நான் நிரப்பிய நிறத்தை அடித்துவிட்டு, மற்ற ஒவ்வொன்றிலும் நிறம் பார்த்தவர் என்று உன் பெயரை எழுதித் தேதி போட வேண்டும். நான்கு நாள் ஆயிற்று. இருநூற்றுச் சொச்சம் படிவம். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் உன்னை 'இங்க பாரு', 'ஏம்மா' என்று கூப்பிட்டே காலத்தை ஓட்டிவிட்டவன், இந்த நான்கு நாளில் உன் பெயரை அத்தனை தடவை எழுதினேன். முதல் பத்துப் படிவத்தில் கை கூசியது. பிறகு பழகிவிட்டது.

மேடம் உன்னைக் கேட்டார். "அவங்க வந்தா இந்தப் பருவக் கணக்க அவங்களையே எடுக்கச் சொல்லலாம், நான் எழுதி வாங்கறேன்" என்றார். உனக்கு உடனே எழுதச் சொன்னார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். அதிகப்பிரசங்கி என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். பதினெட்டு வருடம் உன்னை அந்தக் கரைக்கு வரவழைத்தது என் தேவைதான். இப்போதும் கோரைத் திட்டு, ஆரஞ்சு ஊசித்தட்டான், அரசாங்க வேலை என்று ஒரு தேவையைக் காட்டி உன்னை வரவழைத்தால், நீ வந்தது எதற்காக என்று எனக்கு என்றைக்கும் தெரியாமல் போய்விடும். உனக்கு அந்த வேலையில் விருப்பம் இருந்தால் மேடத்துக்கே நேராக எழுது, விலாசம் பின்பக்கம் இருக்கிறது. அங்கிருந்தபடியே ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், அது உனக்கும் அவருக்கும் உள்ள விஷயம். அவருக்கு நல்ல கண் இருக்கிறது. நீ வராவிட்டாலும் கணக்கு நடக்கும், திட்டு பிழைத்துக்கொள்ளும்.

வீட்டு வேலைகளும் அப்படித்தான். குழாயைச் சரிசெய்ய ஆள் வந்து போயாயிற்று. சமையல் ஓரளவு வருகிறது. ஆக, உன்னை வரச் சொல்லி எழுத எனக்கு இப்போது ஒரு காரணமும் கையில் இல்லை. எல்லாக் காரணமும் தீரும் வரை காத்திருந்துதான் இதை எழுதுகிறேன்.

மத்தியானத்தில் வீடு ரொம்ப நீளமாக இருக்கிறது. எனக்குப் பேச ஆள் வேண்டும் என்பதில்லை, நீ வேண்டும். இதைப் போனில் சொல்ல வராது, 'ம்' என்றுதான் வரும்.

உன் அக்கா நூறு வயதுவரை நடமாட்டமாக இருக்கட்டும். அவரிடம் என் வணக்கத்தைச் சொல். உன் கோபம் தீர்ந்த பிறகு வா என்று நான் எழுதவில்லை. அது தீர வேண்டியதில்லை. கோபத்தோடேயே வா.

உன்,
வீட்டுக்காரன்